தரம்: ஒரு வருவாய்த்துறைச் சொல் பள்ளிக்கூடத்துக்கு வந்த கதை

‘அரசுப் பள்ளிகளின் தரம்’ என்று ஆரம்பிக்காத கல்விக் கருத்தரங்கம் எதையும் நான் பார்த்ததில்லை. தரம் சரிந்துவிட்டது என்பார் ஒருவர். அது தனியார் பள்ளி முதலாளிகளின் பிரச்சாரம் என்பார் அடுத்தவர். இரண்டு பேரும் ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, யாருடைய கையிலிருந்து நம் கைக்கு மாறியது என்கிற கேள்வி எழுவதில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குத் தெரிந்த வேலை ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவது. புள்ளிவிவரம் நமக்கு வராது. சொல் கொஞ்சம் வரும்.

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் மண் வயணம் என்று ஒரு கலம், தரம் என்று ஒரு கலம், தீர்வை என்று ஒரு கலம். சென்னை ராஜதானியில் ரயத்துவாரி செட்டில்மெண்ட் நடந்தபோது மண்ணை வகை பிரித்து, வகைக்குள் ‘தரம்’ போட்டு, தரத்துக்கு ஏற்பத் தீர்வை விதித்தார்கள். ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கக்கூட இல்லை. தங்கள் அறிக்கைகளில் அப்படியே எழுதிக்கொண்டார்கள். உழுகிறவனுக்கும் தன் மண்ணைத் தெரியும். எந்த மூலையில் ஈரம் நிற்கும், எந்த மேட்டில் கேழ்வரகு மட்டும்தான் வரும் என்பதெல்லாம் அவன் அறிவு. பதிவேட்டில் ஏறிய தரம் அந்த அறிவு அல்ல. இந்த நிலத்திலிருந்து எவ்வளவு வசூலிக்கலாம் என்கிற அரசின் கணக்கு அது. உள்ளேயிருந்து வாழ்கிறவனின் தெரிதலை அப்புறப்படுத்திவிட்டு, வெளியேயிருந்து வருகிறவன் படிக்கத்தக்க ஒற்றை எண்ணாக மாற்றுவதுதான் இங்கே ‘தரம்’ செய்த வேலை.

இதே காலத்தில்தான் பள்ளிக்கூடமும் எண்ணாக மாறியது. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த திருத்தச் சட்டக்கோவை ஒரு புது ஏற்பாட்டைச் செய்தது. இன்ஸ்பெக்டர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒரு பாடத்தில் தவறினால் பள்ளிக்கான மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. கல்வி மலிவாக இருக்கவேண்டும், அல்லது பலன் தரவேண்டும், இரண்டில் ஒன்று நிச்சயம் என்று லோ நாடாளுமன்றத்தில் உத்தரவாதம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர்களில் ஒருவராக இருந்தவர் மாத்யூ அர்னால்ட். நம் பல்கலைக்கழகங்களில் விமர்சகர் என்று நோட்ஸ் எடுத்துப் படிக்கப்படும் அதே அர்னால்ட்தான். 1851 முதல் 1886 வரை பள்ளி பள்ளியாக அலைந்தவர் அவர். பிள்ளைகள் புரியாத புத்தகத்தை நெட்டுருப் போட்டு ஒப்பிக்கிறார்கள், இதற்குப் பெயர் வாசிப்பு அல்ல என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். ‘பண்பாடு’ பற்றி அவர் எழுதியதை மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிடக்கட்டும்.

இங்கிலாந்தில் ஆரம்பித்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1860களின் பிற்பகுதியில், தேர்ச்சிக்கேற்ற மானியம் சென்னை ராஜதானிக்கு வந்துசேர்ந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் அதற்குள் இழுக்கப்பட்டார்கள். அதுவரை ஊர் கொடுத்த நெல்லிலும் காசிலும் பிழைத்தவர், இனி இன்ஸ்பெக்டர் வருகிற ஒரு நாளுக்காக ஆண்டு முழுவதும் பாடம் நடத்தவேண்டும். திண்ணைப் பள்ளியை நான் பொற்காலமாக்கவில்லை. அந்தத் திண்ணையில் யார் ஏறமுடியாது என்பது நமக்குத் தெரியும். நான் சொல்ல வருவது வேறு. வாத்தியாரைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற இடம் ஊரிலிருந்து கச்சேரிக்கு மாறியது என்பதுதான். 1882இன் ஹண்டர் கமிஷன் ஆரம்பப் பள்ளிகளுக்கு இந்த முறையை ஆதரித்தது. 1904இல் கர்சன் அரசு இது கல்விக்குக் கேடு என்று கைவிடச் சொன்னது. மானியத்தின் கணக்கு போனது. இன்ஸ்பெக்டர் போகவில்லை.

இனி மலைக்கு வருகிறேன். நீலகிரியில் படகர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய பாசல் மிஷன் 1846இல் கேத்தியில் வேரூன்றியது. அவர்கள் கற்பித்தது கன்னடத்தில். படகு மொழி கன்னடத்தின் கொச்சை வடிவம் என்பது அன்றைய வெள்ளைக்காரப் பார்வை. பிறகு அந்த இடத்தில் தமிழ் வந்தது. மாறியது எந்த மொழி மேலே உட்காரும் என்பது மட்டும். வீட்டில் பேசுகிற மொழி இரண்டு காலத்திலும் தரமற்றதாகவே இருந்தது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் பத்தியை எவ்வளவு வேகமாக வாசிக்கிறது என்று ஒரு பிள்ளையைச் சோதிக்கிறபோது, அது எந்த மொழியிலிருந்து புறப்பட்டு அந்தப் பத்திக்கு வந்துசேர்ந்தது என்ற தூரமும் அந்த மதிப்பெண்ணுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படியொரு கேள்வி கேட்டால் தமிழ்ப் பற்றாளர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

இதே மலையில் வேறொரு மதிப்பீடும் நடந்திருக்கிறது. 1891 டிசம்பரில் அயோத்திதாசரின் முயற்சியால் திராவிட மகாஜன சபை உதகையில் கூடித் தீர்மானங்கள் போட்டது. பிள்ளைகளின் கல்வியும் அவற்றில் ஒன்று. அங்கே எழுந்த கேள்வி எத்தனை பேர் பாஸ் என்பதல்ல. எங்கள் பிள்ளைக்குப் பள்ளி எங்கே, அங்கே வாத்தியாராக யார் நிற்பார், படிக்க வழி என்ன என்பது. பள்ளியின் நன்மை தீமையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் மதிப்பிட்ட அபூர்வமான தருணம் அது. நம் கல்வி வரலாறுகளில் லோவும் மெக்காலேயும் வருகிறார்கள். உதகைக் கூட்டம் வருவதில்லை.

1953ஐ மறந்துவிட்டுத் தரத்தைப் பேசமுடியாது. ராஜாஜியின் மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம்: கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளியில் 3 மணி நேரம், மிச்ச நேரம் அப்பன் தொழில். எதிர்ப்பு வலுத்ததும் அரசு ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. பருலேகர் தலைமையிலான அந்தக் குழு பரிசீலித்துத் திட்டம் நல்லதுதான் என்றே சொன்னது. கல்வியியல் தரத்தின்படி அது பாஸ். தெரு அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்து ஃபெயிலாக்கியது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். இந்தச் சம்பவத்தை அரசியல் வெற்றியாகவே நாம் கொண்டாடி வந்திருக்கிறோம். இதை ஒரு மதிப்பீட்டு முறையின் வெற்றியாகவும் வாசிக்கலாம் என்பது என் எண்ணம். நிபுணரின் அளவுகோலில் பிடிபடாத ஒன்று, அதாவது இந்தப் பள்ளி என் பிள்ளையை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது, தெருவில் இருந்தவனுக்குப் பிடிபட்டது.

பரீட்சை என்பது பார்வையும் தீர்ப்பும் ஒன்றுசேரும் இடம் என்று பூக்கோ 1975இல் எழுதினார். பூக்கோவை இழுக்காமல் இவர்களுக்கு எழுதவராதா என்று கேட்கும் நண்பர்களுக்காக இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவலாஞ்சிச் சாலையில் இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியே இதைச் சொல்லிவிடும்.

அவலாஞ்சி என்கிற பெயரே ஒரு வேடிக்கை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நடந்த ஒரு மண்சரிவுக்கு வெள்ளைக்காரன் தன் ஊர்ப் பனிச்சரிவின் பெயரை வைத்தான். பனியே சரியாத மலைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, தமிழ் வாயில் அவலாஞ்சியானது. 1950களின் பிற்பகுதியில் கனடாவின் உதவியோடு குந்தா நீர்மின் திட்டம் வந்தது. அணைக்கட்டு வேலைக்கு வந்தவர்கள், தோட்டத் தொழிலாளர்கள், 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து நீலகிரிக்கு அனுப்பப்பட்டவர்கள், ஏற்கெனவே இருந்த படகர்கள் எனப் பல வழிகளில் வந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்து வகுப்பறைகளில் கலந்து உட்கார்கிறார்கள். இன்றைய இலங்கைத் தமிழில் ‘தரம் ஆறு’ என்றால் ஆறாம் வகுப்பு. நம் அரசாணைகளில் ‘பள்ளி தரம் உயர்த்தப்பட்டது’ என்றால் நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளி ஆனது என்று அர்த்தம். ஒரு பள்ளியின் தரம் உயர, மேலே இரண்டு வகுப்பைக் கட்டினால் போதும்.

நான் போன பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் சொன்னார்: “முதல்ல எமிஸ்ல அட்டெண்டன்ஸ் போடணும் சார். சிக்னல் அந்த மேட்டுலதான் கிடைக்கும். நான் மேட்டுல நிக்கிற நேரம் பாடம் யாரு நடத்துறது?” கொழுந்து பறித்துவிட்டுப் பிள்ளையை அழைக்க வந்த ஒரு அம்மாவிடம் பள்ளி நல்ல பள்ளியா என்று கேட்டேன். “மூணு வருசமா அதே டீச்சர்தாங்க இருக்காங்க. மழைக்கும் வர்றாங்க” என்றார். நான் வேறு ஏதோ எதிர்பார்க்கிறேன் என்று நினைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு, “எட்டு முடிச்சா ஒன்பதுக்கு பஸ் ஏறணும். அதுதான் பயம்” என்றார்.

இந்த இரண்டு பதில்களையும் அரசின் அளவுகோலோடு வைத்துப் பார்க்கலாம். 2017-18 முதல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் மாநிலங்களின் பள்ளிக்கல்விக்கு 1000 புள்ளிகளில் மதிப்பிட்டு வந்தது. முதல் சில ஆண்டுகளின் கணக்குப்படி கற்றல் விளைவுகளுக்கு 180 புள்ளி. நிர்வாக நடைமுறைகளுக்கு 360. பிள்ளை என்ன கற்றது என்பதைப் போல இரண்டு மடங்கு, அதைப் பற்றிய தகவல் எப்படி மேலே போனது என்கிற வகையறாவுக்கு. 2019-20இல் இந்தக் கணக்கில் தமிழ்நாடு உச்சத் தரநிலையில் இருந்தது. தலைமையாசிரியர் மேட்டில் நின்றது வீண்போகவில்லை.

அந்த அம்மாவின் அளவுகோலை இன்னும் கொஞ்சம் அவிழ்க்கவேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்கிறது. கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டின் 2011 விதிகள் நடுநிலை வகுப்புக்கு 3 கிலோமீட்டருக்குள் பள்ளி என்கின்றன. சமவெளியில் 3 கிலோமீட்டர் என்பது சைக்கிள். குந்தாச் சரிவில் அது இறக்கமும் ஏற்றமும் சோலையும், சில நாட்களில் காட்டெருமையும். ஊர் சிறிது, பிள்ளைகள் குறைவு. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. உபரி என்றால் பணி நிரவல், அதாவது வேறு பள்ளிக்கு மாற்றம். கணக்கு வாத்தியார் போனால், பஸ் கட்டணம் கொடுக்க முடிந்த பெற்றோர் பிள்ளையை வேன் வருகிற தனியார் பள்ளிக்கு மாற்றுவார்கள். எண்ணிக்கை மறுபடியும் குறையும், இன்னொருவர் உபரியாவார். கடைசியில் எஞ்சுவது போக வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள். அவர்களைச் சோதித்துப் பார்த்துவிட்டு, ‘அரசுப் பள்ளியில் தரமில்லை’ என்று எழுதுவார்கள். விளைவைக் காரணமாகக் காட்டுகிற இந்தத் தந்திரத்தைத்தான் நம் கருத்தரங்கங்கள் புள்ளிவிவரம் என்று கைதட்டி ஏற்றுக்கொள்கின்றன. அதே டீச்சர் மூன்று வருடமாக இருக்கிறார் என்று அந்த அம்மா சொன்னபோது, இந்தச் சுழல் தன் ஊரில் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

நீலகிரிக்காரர்களுக்குத் தரம் பிரிப்பது புதிதல்ல. தேயிலை ஃபேக்டரியில் உலர்ந்த தூளைச் சல்லடைகளில் போட்டு டஸ்ட், பி.ஓ.பி. என்று பிரிக்கிறார்கள். அந்த எழுத்துக்கள் துகளின் அளவைச் சொல்கின்றன, ருசியை அல்ல. ருசிக்கு ஆள் குடித்துப் பார்க்கவேண்டும். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் யாருக்கும் இது தெரியும், சல்லடையைப் பார்த்து இது நல்ல டீ என்று ஏமாறமாட்டார்கள்.

2019ஐ மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை பதிவானது. சரிவுகள் இடிந்தன, சாலைகள் போயின, குடும்பங்கள் முகாம்களுக்கு வந்தன. மலையில் முகாம் என்றால் முதலில் திறக்கப்படுவது பள்ளிக்கூடத்தின் கதவுதான். அதே ஆகஸ்டில், ஒரு பிள்ளைகூட இல்லாத 46 அரசுப் பள்ளிகள் நூலகங்களாக மாற்றப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை. காரணம்: தரத்தை உயர்த்த. சாலை அடைபட்ட வாரங்களில் பள்ளிக்கு வரமுடியாத எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் ஒரே கேள்வித்தாளை எழுதவேண்டும், அதற்குப் பெயர் சமம். ஆசிரியர்களும் பெற்றோரும் கட்சிகளும் கொடுத்த நெருக்கடியில் 2020 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெறப்பட்டதும் நம் தோழர்கள் கலைந்து போனார்கள். கூட்டங்களில் அரசுப் பள்ளிக்காகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய் மெட்ரிகுலேஷன் பள்ளி டைரியில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று நான் எண்ணப்போவதில்லை, எனக்குத்தான் புள்ளிவிவரம் வராதே. ஆனால் தேர்வு வேண்டாம் என்று சொன்ன நாம், அதற்குப் பதிலாக எதை வைத்து ஒரு நடுநிலைப்பள்ளியைப் பார்ப்பது என்ற வேலையைத் தொடங்கவேயில்லை. பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டமே பெற்றோருக்கு ஒரு இடம் கொடுத்திருக்கிறது. அது பெரும்பாலும் கையெழுத்து வாங்கும் நோட்டாகவே இருக்கிறது. கணக்கு வாத்தியார் எத்தனை மாதம் இருந்தார், மழைக்காலத்தில் எத்தனை நாள் பள்ளி நடந்தது, எட்டு முடித்த பெண் பிள்ளைகளில் ஒன்பதுக்கு பஸ் ஏறியவர்கள் யார், ஏறாதவர்கள் யார், ஏன் என்று அந்த நோட்டில் எழுதச் சொல்லி இன்றுவரை எந்தப் படிவமும் கேட்டதில்லை. கேட்கும்வரை காத்திருக்கவேண்டும் என்றும் இல்லை. நோட்டு தலைமையாசிரியர் மேசையில்தான் கிடக்கிறது.