வானை எடையிட்டோர்

"கண்ணுக்குத் தெரியாத பொருள் வானெங்கும் இருக்கிறது என்று விஞ்ஞானி சொன்னால் ஒப்புகிறாய், கண்ணுக்குத் தெரியாத கடவுளை நாங்கள் சொன்னால் எள்ளி நகையாடுகிறாய். இது என்ன நியாயம்?" சேர்வராயன் மலையடிவாரத்தில், எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம், பக்திச் சொற்பொழிவாளர் ஒருவர் இப்படிக் கேட்டார். கூட்டத்தில் பலத்த கைதட்டல்! தோழர்களே, கேள்வி கூர்மையானதே. விடை வரலாற்றில் இருக்கிறது.

ஆண்டு 1933. கலிபோர்னியாவில் பணியாற்றிய சுவிஸ் நாட்டு அறிஞர் பிரிட்ஸ் சுவிக்கி, கோமா எனும் திரளை ஆராய்ந்தார். விண்மீன் மண்டலங்கள் ஆயிரத்துக்கு மேல் ஒன்றையொன்று ஈர்த்து உழலும் பெருங்கூட்டம் அது. தினைப்புனக் காவலன் கவண் சுழற்றுவதை எண்ணிப் பாருங்கள். வேகம் மிகுந்தால் கயிறும் உரமாயிருக்க வேண்டும், இல்லையேல் அறுந்துவிடும். கோமாவின் மண்டலங்களோ நொடிக்கு ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தன! அவற்றைப் பிணிக்கும் கயிறு ஈர்ப்பு. ஈர்ப்பைத் தருவது எடை. வேகத்தைக் கொண்டு எடையைக் கணித்தார் சுவிக்கி. ஒளிரும் விண்மீன்களைப் போல 400 மடங்கு வந்தது. மீதிக்கு 'இருண்ட பொருள்' என்று பெயரிட்டார்.

அந்த 400 நிலைக்கவில்லை. அந்நாளில் வானத்தின் தொலைவை அளந்த கோலே பிழையுடையது; கோல் திருந்தியதும் எண் சுருங்கிற்று. பின்னர், திரளுக்குள் கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் வாயு நிறைந்திருப்பதை எக்ஸ்-கதிர்க் கருவிகள் காட்டின. காணாததில் ஒரு பங்கு காணப்பட்டது! அதையும் கூட்டிய பின்னும் ஆறில் ஐந்து பங்கு எடைக்கு ஆள் இல்லை. பின்னாலிருந்து வரும் ஒளியைத் திரள் வில்லைபோல் வளைக்கிறதே, அந்த வளைவை அளந்தவர்களும் பெரும்பாலும் அதே எடையைத்தான் கண்டனர்.

1983இல் இஸ்ரேல் நாட்டு மில்கிராம், "இருண்ட பொருளே வேண்டாம், நியூட்டன் விதியைத் திருத்தினால் போதும்" என்றார். அவரை யாரும் சாதிநீக்கம் செய்யவில்லை. "திரள்களின் எடைக்கு உமது விதி கணக்குச் சொல்லுமா?" என்றே கேட்டனர். முழுதும் சொல்லவில்லை. சொற்பொழிவாளரின் கடவுளை எவர் எந்தத் தராசில் இட்டார்? எத்தனை முறை திருத்தினார்?

2017இல் புனே ஆராய்ச்சியாளர் 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் 43 திரள்கள் கொண்ட பெருந்தொகுதியைக் கண்டறிந்தனர். எடை, 200 கோடி கோடி ஞாயிறுகள்! பெயர் மட்டும் 'சரஸ்வதி'யாம். வானிலும் புராணம் விடவில்லை, போகட்டும். அந்த ஒளி புறப்பட்டபோது பேரண்டத்தின் அகவை ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள்தாம். அதற்குள் இத்துணை எடை ஓரிடத்தில் எவ்வாறு சேர்ந்தது என்பதே இப்போது அவர்கள் முன் நிற்கும் வினா.