அப்டேட் போடணுமா, விடணுமா? டெபியனின் முப்பது வருடக் கதை

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை கணினி கூடத்தில் தரம் 10 மாணவன் ஒருவன் கேட்டான்: "சேர், அப்டேட் போட்டா கம்பியூட்டர் பழுதாகிடும் என்று வாப்பா சொல்றார். போடணுமா, விடணுமா?"

பிள்ளை கேட்டது சின்னக் கேள்வி இல்லை. எங்கள் கூடத்தில் இருக்கும் டெபியன் என்ற இலவசப் பணிசெயல் முறைமையின் வரலாறே இந்தக் கேள்விதான்.

1993 ஆகஸ்ட் 16இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டொக் டெபியனை அறிவித்தார். காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. முதலாளி கிடையாது, தொண்டர்களின் உழைப்பு. 1995 கடைசியில் சீடி விற்கும் நிறுவனமொன்று, வேலை முடியாத பதிப்பை '1.0' என்று தவறுதலாகப் பெயரிட்டு விற்றுவிட்டது. அதனால் 1.0 என்ற இலக்கத்தையே விட்டுவிட்டு, 1996 ஜூனில் 1.1ஐ வெளியிட்டார்கள்.

பிறகு மூன்று படி வந்தது. புது மென்பொருள் முதலில் 'நிலையற்றது' என்ற பகுதிக்கு வரும். அதன் பெயர் சிட். டோய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் பையனின் பெயர்! அங்கே தாக்குப்பிடித்தால் 'சோதனை'க்குப் போகும். கடைசியில்தான் 'நிலையானது'. அதற்குள் வந்தபின் புது வசதிகளைச் சேர்ப்பதில்லை. பாதுகாப்பு ஓட்டை கண்டால் அந்த ஓட்டையை மட்டும் பழைய பதிப்பிலேயே அடைப்பார்கள். வீட்டை இடிக்காமல் ஒழுகும் ஓட்டை மட்டும் மாற்றுவதுபோல.

இதற்கு விலையும் உண்டு. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது 2005 ஜூனில்தான். பொறுக்க முடியாதவர்களுக்கு, டெபியனிலிருந்தே பிறந்த உபுண்டு 2004 ஒக்டோபரில் வந்து, ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு தரத் தொடங்கியது.

சரி, பொறுமையாகச் சோதித்தால் ஆபத்தே இல்லையா? 2006இல் டெபியன் தொண்டர் ஒருவர் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இரண்டு வரிகளை நீக்கினார். பிழைதேடும் கருவியொன்று அவற்றைச் சந்தேகத்துக்குரியவை என்று காட்டியது. அவர் மற்றவர்களிடம் கேட்டும் பார்த்தார், யாரும் தடுக்கவில்லை. ஆனால் இரகசியத் திறப்புகளை ஊகிக்க முடியாதபடி உருவாக்க உதவியது அதில் ஒரு வரி! அது போனபின், ஒரே வகைக் கணினியில் ஒரே அளவில் சுமார் 32 ஆயிரம் திறப்புகளே உருவாக முடியும். கள்வன் அத்தனையையும் செய்து பையில் வைத்துக்கொள்ளலாம்.

எதுவும் உடையவில்லை, எந்தக் கணினியும் நிற்கவில்லை. அதனால் மூன்று படியையும் தாண்டி 2007 ஏப்ரல் பதிப்புக்குள் அது போய்விட்டது, உபுண்டுவுக்கும் போனது. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டுபிடித்து, 2008 மே 13இல் எச்சரிக்கை வந்தது. அப்டேட் போட்டால் மட்டும் போதவில்லை. பூட்டைத் திருத்தினாலும் கள்வனின் கையில் திறப்பு இருக்கிறதே! பழைய திறப்புகளை எறிந்து புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

2024இல் கதை மறுபக்கம் திரும்பியது. எக்ஸ்ஸெட் என்ற சிறு மென்பொருளில், வருடக்கணக்கில் நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்கதவு வைத்திருந்தார். மார்ச் 29இல் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் அதை வெளிப்படுத்தினார். தூர இருந்து கணினிக்குள் நுழைய அரை செக்கன் கூடுதலாகச் செல்வதே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. அவர் பாவித்தது நிலையற்ற டெபியன். நிலையான பதிப்புக்கு அந்த நஞ்சு வந்து சேரவில்லை. தாமதம் இம்முறை காப்பாற்றியது.

ஆகவே பிள்ளையின் வாப்பா சொன்னதில் பாதி உண்மை. புதுசுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தத்தைத் தள்ளிப்போடக்கூடாது.

அன்று மாணவனுக்குப் பதில் சொல்லிவிட்டு எங்கள் கணினிகளைப் பார்த்தேன். இரண்டில் டெபியன் 10 இருந்தது. அதற்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30இலேயே முடிந்துவிட்டது. அதற்குப்பிறகு திருத்தமே வராது, நானோ "ஓடுதுதானே" என்று விட்டுவிட்டேன். குற்றம் என்னுடையது. இந்தச் சனிக்கிழமை பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டையும் மாற்றப்போகிறோம்.

உங்கள் வீட்டுக் கணினிக்கும் போனுக்கும் ஆதரவு எந்தத் திகதி வரை என்று இன்றைக்கே பாருங்கள். தெரியாவிட்டால் கீழே கேளுங்கள், சேர்ந்து தேடிப் பார்ப்போம்.