தவறான சிகிச்சையால் பாதிப்பா? இழப்பீடு கேட்கும் வழிமுறைகள்

அறுவை சிகிச்சைக்குப் பின் கை கால் முடங்கிப் போனவர்களும், தவறான ஊசியால் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் "எல்லாம் தக்தீர்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் ஆத்திரத்தில் மருத்துவமனையை அடித்து நொறுக்குகிறார்கள். இது தமிழகத்தில் 2008ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரண்டுமே சரியான வழியல்ல.

தக்தீரை நம்புவதும் உரிமையைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர் ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பாளி என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. முறையாகக் கற்று, அனுமதி பெற்று, கவனத்துடன் சிகிச்சை அளித்தவர் மீது பொறுப்பு இல்லை என்பது ஃபிக்ஹ் அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. நாட்டின் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டில்தான் நிற்கிறது.

எது அலட்சியம்?

சிகிச்சை பலன் தராததோ, நோயாளி இறந்ததோ மட்டும் அலட்சியம் ஆகாது. அத்துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் காட்டும் கவனத்தை இவர் காட்டினாரா என்பதே கேள்வி. 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. மருத்துவர் மீது குற்ற வழக்குத் தொடர மிகக் கடுமையான அலட்சியம் தேவை என்றும் கூறியது. இழப்பீட்டுக்கு அந்த அளவு தேவையில்லை. எனவே, இழப்பீடுதான் நோக்கம் என்றால் காவல் நிலையத்தைவிட நுகர்வோர் ஆணையமே பொருத்தமான இடம்.

செவிலியரின் தவறுக்கும் மருத்துவமனை பொறுப்பேற்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டதாலேயே உரிமை பறிபோய்விடாது. அலட்சியத்துக்கு யாரும் ஒப்புதல் தருவதில்லை. ஒரு பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் பெற்றுவிட்டு, உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் உறுப்பை அகற்றியது தவறு என 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

யார் வழக்குத் தொடரலாம்?

கட்டணம் செலுத்திச் சிகிச்சை பெற்றவர் 'நுகர்வோர்' என்பதை 1995இல் சாந்தா வழக்குத் தீர்ப்பு உறுதி செய்தது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனையின் இலவச நோயாளிக்கும் இந்த உரிமை உண்டு. அனைவருக்கும் முற்றிலும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை இதில் வராது. அங்கு பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ அணுகலாம்.

செய்ய வேண்டியவை

1. கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்புகள், பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. பில்களையும் மருந்துச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

2. வேறொரு மருத்துவமனையின் அத்துறை நிபுணரிடம் காட்டி, எழுத்துப்பூர்வமான கருத்தைப் பெறுங்கள். எல்லா வழக்குக்கும் இது கட்டாயமில்லை என்று 2010இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தாலும், பெரும்பாலான வழக்குகளில் இதுவே முதுகெலும்பு.

3. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள்.

4. வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, பின் நுகர்வோர் ஆணையத்தில் மனுத் தாக்கல் செய்யுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய கட்டணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம்.

5. காலக்கெடு 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம்.

எவற்றுக்குக் கேட்கலாம்?

ஆன செலவு, இனி ஆகும் சிகிச்சைச் செலவு, இழந்த வருமானம், பராமரிப்புச் செலவு, வலியும் மன வேதனையும் எனத் தனித்தனியே கணக்கிட்டு, ஆதாரத்துடன் கேளுங்கள். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

கேட்பது உண்மையாக இருக்கட்டும். நேர்மையாக உழைத்த மருத்துவர் மீது பழி சுமத்துவதும் அநீதியே. உண்மையாகவே பாதிக்கப்பட்டவரோ தயங்க வேண்டியதில்லை. முடங்கிக் கிடப்பவருக்கு அந்தத் தொகை பிச்சையல்ல, உரிமை.