சவரக்கத்தியில் ஷேவிங் செய்ய ஆசையா? கத்தி வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் நடுவில் இப்படி ஒரு வீடியோ வந்து நிற்கும். முகம் முழுக்க நுரை, கையில் மடக்குக் கத்தி, 'சர்ர்க்' என்ற சத்தத்தோடு ஒரே இழுப்பு. பார்த்ததும் நாமும் ஒன்னு வாங்கினால் என்ன என்று தோன்றும். ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாய்க்கும் கத்தி இருக்கு, 10 ஆயிரத்தைத் தாண்டியும் இருக்கு.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் சறுக்குவது பிராண்ட் விஷயத்தில் அல்ல. கத்திக்குக் கூர் எங்கிருந்து வரும், அதைத் தினமும் யார் காப்பாற்றுவது என்று யோசிக்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். மழுங்கிய கத்தி முடியை வெட்டாமல் இழுக்கும். இழுக்கிறதே என்று கையை அழுத்துவோம். அங்கேதான் ரத்தம் வரும்.

சலூன் கத்தியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இன்று சலூன்களில் இருப்பது பெரும்பாலும் பிளேடு மாட்டும் பிடி. ஷேவெட் என்று சொல்வார்கள். சாதாரண பிளேடை உறையோடு மடக்கி ரெண்டாக உடைத்து, ஒரு பாதியை இதில் செருகுவார்கள். ஒருவருக்குப் பயன்படுத்தியதும் தூக்கிப் போட்டுவிடலாம். தீட்டுகிற வேலையே கிடையாது.

அசல் சவரக்கத்தி வேறு ரகம். முழுக்க ஒரே எஃகுத் துண்டு. பிளேடு மாற்ற முடியாது, தீட்டித்தான் ஆகணும். ஒரு காலத்தில் நம்மூர் சலூன் சுவரில் ஒரு தோல் வார் தொங்கும், அண்ணன் அதில் சடக் சடக்கென்று கத்தியைத் தேய்ப்பார் இல்லையா? அந்தக் கத்திதான் இது.

உலகம் முழுக்க இந்தக் கத்தியை ஓரங்கட்டியது ஜில்லெட். 1903-ல் விற்பனையை ஆரம்பித்த அந்த நிறுவனம் முதல் ஆண்டில் விற்றது வெறும் 51 ரேசர்கள். அடுத்த ஆண்டே அது 90 ஆயிரத்தைத் தாண்டியது. நம்மூர் சலூன்களில் கதை கொஞ்சம் வேறு. 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. பாதிப்புகளைக் கண்டறிந்தார்கள். அதன் பிறகு வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களில் 'சலூனில் புது பிளேடு போடச் சொல்லுங்க' என்பதும் முக்கியமான அறிவுரை. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் ரத்தம் பட்ட கத்தி வழியாகப் பரவக்கூடியவை. அதனால் ஒரு விதியை இப்போதே சொல்லிவிடுகிறோம்: அசல் சவரக்கத்தி ஒருத்தருக்கு மட்டும்தான். அப்பா, அண்ணன், ரூம்மேட் யாரோடும் பகிரக் கூடாது.

எதை வாங்குவது?

கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று அளப்பார்கள். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும். இதைவிட அகலமானது மூக்குக்குக் கீழே திரும்பாது. நுனி உருண்டையாக இருக்கட்டும். கூர் நுனி பார்க்க கெத்தாக இருக்கும், ஆனா முதல் வாரத்திலேயே காது மடலில் கோடு போட்டுவிடும்.

அடுத்தது எஃகு. கார்பன் ஸ்டீல் சுலபமாகத் தீட்ட வரும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருவைத் தாங்கும், தீட்டத்தான் கொஞ்சம் மல்லுக்கட்டணும். கடலோர ஊர்க்காரர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் கத்திக்குப் பேர் போனது. அந்த ஊர்ப் பெயரைக் கத்தியில் பொறிக்க 1938-லேயே சட்டம் போட்டார்கள். டோவோ, போக்கர் எல்லாம் அங்கிருந்து வருபவை. பிரான்சின் தியர் நகரத்துத் தியர் இசார், இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தயாரான பழைய கத்திகள் ஆகியவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. சீனாவின் கோல்ட் டாலர் விலை குறைவு. ஆனால் பெட்டியைப் பிரித்ததும் ஷேவிங் செய்கிற கூரில் அது வராது.

வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வியும் இதுதான்: 'கல்லில் தீட்டி, ஷேவிங்குக்குத் தயாரா வருதா?' வெளிநாட்டு விற்பனையாளர்கள் இதை 'ஷேவ் ரெடி' என்பார்கள். தொழிற்சாலைக் கூர் பல நேரம் பத்தாது. பிராண்டைப் பார்த்து மயங்கி, தீட்டாத கத்தியை வாங்குவதைவிட, நன்றாகத் தீட்டிய சாதாரண கத்தி எவ்வளவோ மேல். டிசைன் டிசைனாக வேலைப்பாடு செய்த 'டமாஸ்கஸ்' கத்திகள் மலிவாகக் கிடைத்தால் தள்ளியே இருங்கள். அவற்றில் நிறைய அலமாரியில் வைக்கத்தான் லாயக்கு.

கத்தியைவிட வார் முக்கியம்

வார் இல்லாமல் சவரக்கத்தி வாங்குவது, சார்ஜர் இல்லாமல் போன் வாங்குகிற மாதிரி. ஒவ்வொரு ஷேவிங்குக்கும் முன்னால் தோல் வாரில் கத்தியைப் போய்வர 50 முறையாவது தேய்க்கணும். கண்ணுக்குத் தெரியாமல் வளைந்திருக்கும் கூர் விளிம்பு இதில்தான் நேராகும்.

செய்முறை இது. வாரின் ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தொய்வில்லாமல் இழுத்துப் பிடியுங்கள். கத்தியைப் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் ரெண்டுமே தோலைத் தொடணும். முதுகுப் பக்கம் முன்னால் போக, வாய்ப் பக்கம் பின்னால் வரணும். மாற்றிச் செய்தால் வார் வெட்டுப்படும், கத்தியும் கெடும். முனைக்கு வந்ததும் கத்தியைத் தூக்காமல் முதுகின் மேலேயே உருட்டித் திருப்புங்கள். சினிமா வேகம் வேண்டாம். முதல் வாரை யாரும் ரெண்டு இடத்தில் கீறாமல் விட்டதில்லை, அதனால் மலிவான வாராகவே ஆரம்பிக்கலாம்.

வார் கூரைக் காப்பாற்றும், புதிதாக உண்டாக்காது. சில மாதங்களில் கத்தி இழுக்க ஆரம்பிக்கும். அப்போது தண்ணீர் விட்டுத் தீட்டும் கல் தேவை. 1000-ம் நம்பர் கல் கூரை உருவாக்கும், 8000, 12000 எல்லாம் மெருகேற்றும். ஆரம்பத்திலேயே கல் வாங்கிக் குவிக்க வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுத்துத் தீட்டி வாங்குங்கள். உங்க ஏரியாவில் 60 வயதைத் தாண்டிய சலூன்காரர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அந்தக் கை வித்தை சிலரிடம் இன்னும் இருக்கு. தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் சக்கரம் அரிவாளுக்கும் அருவாமனைக்கும் சரி. தாள் மாதிரி மெல்லிய இந்தக் கூர், சக்கரத்தின் சூட்டில் உறுதியை இழந்துவிடும்.

முதல் நாள் எப்படி?

(தமிழில் இதற்கு 'மழித்தல்' என்று அழகான சொல் உண்டு, திருக்குறளிலேயே இருக்கு. தேடும்போது மட்டும் 'ஷேவிங்' என்றே டைப் செய்யுங்கள்!)

வெந்நீரில் குளித்த பிறகு செய்யுங்கள், முடி இளகியிருக்கும். ஸ்ப்ரே நுரை வேண்டாம். பிரஷ்ஷும் சோப்பும் போட்டுக் குழைத்த ஈரமான நுரைதான் கத்தி வழுக்கிக்கொண்டு போக உதவும். கத்தியின் வாலில் சுண்டு விரல், கழுத்தில் மற்ற மூன்று விரல்கள், அடியில் கட்டை விரல். இன்னொரு கையால் தோலை நன்றாக இழுத்துப் பிடிக்கணும். பாதி வேலை இந்தக் கையுடையதுதான்.

கத்தி முகத்தோடு சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கட்டும். நிமிர்த்தினால் சுரண்டும், ரொம்பப் படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். முடி வளரும் திசையிலேயே சின்னச் சின்ன இழுப்பு. எக்காரணம் கொண்டும் கத்தியைப் பக்கவாட்டில் நகர்த்தாதீர்கள். தக்காளி அறுக்கிற அசைவு அது.

முதல் வாரம் கன்னம் ரெண்டு மட்டும். மீதியை வழக்கமான ரேசரில் முடியுங்கள். அப்புறம் கழுத்து. தாடையும் மேல் உதடும் கடைசியில். எதிர்த் திசையில் மழிப்பதை ஒரு மாதத்துக்கு மறந்துவிடுங்கள். சுருள் முடிக்காரர்களுக்கு அதனால் முடி தோலுக்குள்ளேயே வளர்ந்து கொப்புளம் வரும்.

கத்தி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், காலை நகர்த்துங்கள். கத்தி போனால் வேறு வாங்கலாம். சின்னக் கீறலுக்கு நனைத்த படிகாரம் போதும். அழுத்திப் பிடித்தும் 10, 15 நிமிடத்தில் ரத்தம் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள், முகத்தில் பரு அதிகம் உள்ளவர்கள், கை நடுக்கம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஷேவெட்டில் ஆரம்பிக்கலாமா?

செலவு குறைவு, சுத்தம் அதிகம் என்பதால் பலரும் அதைத்தான் சொல்வார்கள். அதில் ஒரு சிக்கல். பிளேடு மூலைகள் கூர்மையாக நிற்கும், பிடியும் எடையில்லாமல் இருக்கும், சின்னத் தப்பைக்கூட மன்னிக்காது. ஷேவெட்டில் ரெண்டு முறை வெட்டுப்பட்டு இந்தப் பழக்கத்தையே விட்டவர்கள் உண்டு. நன்றாகத் தீட்டிய அசல் கத்தி முகத்துக்கு மென்மையானது. தினமும் 10 நிமிடம் வாருக்கு ஒதுக்க முடியும் என்றால் அசல் கத்திக்கே போகலாம். முடியாது என்றால் ஷேவெட்டும் நிதானமான கையும் போதும்.

வாங்கிய பிறகு

பாத்ரூமில் வைக்காதீர்கள், ஈரத்தில் ஒரே வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். துடைத்து, காற்றாட விட்டு, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுக்கும். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் ஒன்றைக் கூடவே போட்டு, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் அனுமதி இல்லை, செக்-இன் பெட்டியில்தான் வைக்கணும்.