8 பிஆர் டயரில் 8 அடுக்கு இருக்கிறதா?

அப்பாவின் வேனை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங்கில் டயர் மாற்றப் போகிறீர்கள். "தம்பி, 6 ப்ளை போடவா, 8 ப்ளை போடவா?" என்று கடையில் கேட்கிறார்கள். 6 ப்ளை விலை குறைவு. வீட்டில் சும்மா நிற்கும் வேன் என்றால் பரவாயில்லை. பாசார் மாலாமுக்குச் சாமான் ஏற்றும் வேன் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஒரு காலத்தில் டயருக்குள் பருத்தி நூல் அடுக்குகள்தான் இருந்தன. அடுக்கு கூடினால் தாங்கும் பாரமும் கூடும். பிறகு நைலான், பாலியஸ்டர், எஃகுக் கம்பி எல்லாம் வந்துவிட்டன. எட்டு பருத்தி அடுக்கு செய்த வேலையை இப்போது ஓரிரண்டு அடுக்கே செய்துவிடும். பழைய கணக்கு மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டது. ஆகவே 8 பிஆர் என்பது வலிமைக்கான குறியீடு மட்டுமே. டயரை வெட்டிப் பார்த்தாலும் எட்டு அடுக்கு கிடைக்காது.

அப்படியானால் எத்தனை கிலோ தாங்கும்? அதை டயரின் பக்கவாட்டில் பாருங்கள். சிறிய வேன்களில் '155 ஆர்12சி 88/86என் 8பிஆர்' என்று இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் போட்டிருந்தால் 86ஐப் பார்க்க வேண்டும், அதாவது டயருக்கு 530 கிலோ. 'என்' என்பது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம். 'சி' என்றால் சரக்கு வாகனத்துக்கான டயர்.

அதே அளவில் 6 பிஆர் டயரின் குறியீடு 83, அதாவது 487 கிலோ. நான்கு டயருக்கும் சேர்த்து 292 கிலோ குறைகிறது. 10 கிலோ அரிசிப் பையாக எண்ணினால் 29 பை!

இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நான்கு டயர் 2,240 கிலோ தாங்கும் என்பதால் அவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று அர்த்தம் இல்லை. வேனின் எடை, ஓட்டுநர், பக்கத்தில் உட்காருபவர் எல்லாம் அதற்குள் அடக்கம். சாமான் பெரும்பாலும் பின் டயர்கள் மேல்தான் உட்காரும். சரக்கு வாகனங்களின் கதவில் 'பெராட் டெங்ஙான் முவாத்தான்' என்று, பாரத்தோடு சேர்த்த மொத்த எடை எழுதியிருக்கும். 10 பிஆர் டயரே போட்டாலும் அந்த எண் கூடாது. ஸ்பிரிங், பிரேக், அச்சு எல்லாம் பழையதுதானே?

இன்னொன்று, காற்று. அந்த 560 கிலோ, டயரில் ஏறக்குறைய 65 பிஎஸ்ஐ காற்று இருக்கும்போதுதான் பொருந்தும். காருக்கு அடிப்பதுபோல் 32 அடித்துவிட்டுப் பாரம் ஏற்றினால், பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். மத்தியான வெயிலில் நீண்ட தூரம் ஓடினால் உள்ளே ரப்பரும் நூலும் பிரிந்து டயர் வெடிக்கலாம். எத்தனை பிஆர் போட்டிருந்தாலும் அப்போது காப்பாற்றாது.

வேனுக்குப் பொருந்தும் என்று 'சி' இல்லாத கார் டயரை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். மைவி காரின் டயரில் 82 என்று இருக்கும், அது 475 கிலோதான்.

காற்றைக் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் மீட்டர் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட வேண்டாம்.