ஆற்றங்கரையில் கேட்ட வினா

நேயர்களே, தோல்வியுற்ற தளபதிகள் எழுதிவைத்துப் போகும் நினைவுக் குறிப்புகளைச் சற்று ஐயத்தோடுதான் வாசிக்கவேண்டும். அவை பெரும்பாலும் வழக்காளியே எழுதிய சாட்சியங்கள். சுவீடன் நாட்டுத் தளபதி ஆதம் லுட்விக் லெவன்ஹௌப்ட் பிரபு ருஷ்யச் சிறையிலிருந்தபோது எழுதிய குறிப்புகளும் அந்த வகையைச் சேர்ந்தவையே. ஆயினும் அவர் தம்மைக் காத்துக்கொள்ள முயலும் அந்த ஒரு நாள், அதாவது 1709 ஜூலை 11, எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய நாளன்று.

லெவன்ஹௌப்ட் என்ற குடும்பப் பெயருக்குச் சிங்கத்தலை என்று பொருள். 1659இல் சுவீடன் படை கோபன்ஹேகன் நகரை முற்றுகையிட்டிருந்தபோது, அந்தப் பாசறையிலேயே பிறந்தவர் இவர். பாசறையில் பிறந்த பிள்ளை படிப்பில்தான் நாட்டங்கொண்டது. லுண்ட், உப்சாலா, ரொஸ்ரொக் ஆகிய பல்கலைக்கழகங்களில் கற்றார். பிற்காலத்தில் 'இலத்தீன் கேணல்' என்ற பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அதில் பாதி கேலி இருந்திருக்கும். ஹங்கேரியில் துருக்கியருக்கு எதிராகவும், பின்னர் பல ஆண்டுகள் ஒல்லாந்தர் சேவையிலும் நின்று போர்த்தொழில் பழகித் தாயகம் திரும்பினார்.

1700இல் வடபுலப் பெரும்போர் மூண்டது. இளம் மன்னர் பன்னிரண்டாம் சாள்ஸ் போலந்தில் வெற்றிமேல் வெற்றி பெற்றுக்கொண்டிருக்க, லெவன்ஹௌப்ட் போல்டிக் கரையைச் சிறு படையோடு காத்துநின்றார். 1703இல் சலாடன், 1704இல் யாக்கோப்ஷ்டாட், 1705இல் கெமௌவர்தொவ் என மூன்று களங்களில் வென்றார். அடுத்த ஆண்டு றீகா நகரின் ஆளுநரானார். அத்தோடு அவர் கதை முடிந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேச வேண்டியிருந்திராது.

1708இல் சாள்ஸ் மொஸ்கோ நோக்கிப் புறப்பட்டார். ருஷ்யரோ தங்கள் கிராமங்களையும் தானியத்தையும் தாங்களே எரித்துவிட்டுப் பின்வாங்கினர். பட்டினியை நெருங்கிய மன்னரின் படைக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுவரும் பணி லெவன்ஹௌப்டிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 12,500 வீரர்கள்; பல்லாயிரம் வண்டிகள். மழையில் பாதைகள் சேறாயின. வண்டித்தொடர் ஊர்ந்தது. காத்திருந்து பொறுமையிழந்த மன்னர் செப்தெம்பரில் தெற்கே உக்ரேன் பக்கம் திரும்பிவிட்டார். அவர் இன்னும் சில நாட்கள் பொறுத்திருக்கலாம் என்பதே என் எண்ணம். இரு படைகளுக்கும் இடையே விழுந்த அந்த இடைவெளிக்குள் ருஷ்யச் சக்கரவர்த்தி பீற்றர் நுழைந்தார்.

ஒக்டோபர் 9ஆம் திகதி லெஸ்னயா என்ற இடத்தில் பகல் முழுவதும் போர் நடந்தது. மாலையில் பனிப்புயல் வீசியது. இரவில் லெவன்ஹௌப்ட் வண்டிகளை எரிக்கவும் கைவிடவும் கட்டளையிட்டார். மதுப் பீப்பாய்கள் வீரர்கள் கையில் சிக்க, ஒழுங்கு குலைந்தது. இறுதியில் அவர் மன்னரிடம் கொண்டுசேர்த்தது ஏறத்தாழ அரைவாசிப் படையை மட்டுமே. உணவு இல்லை, வெடிமருந்தும் இல்லை. லெஸ்னயாவைப் பொல்தாவாவின் தாய் என்று பீற்றர் குறிப்பிட்டாராம். கணக்குப் பார்த்தால் இரண்டு போர்களுக்கும் இடையே சரியாக ஒன்பது மாதங்கள்!

(திகதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பொல்தாவாப் போர் நடந்தது ருஷ்யக் கணக்கில் ஜூன் 27, சுவீடன் கணக்கில் ஜூன் 28, இன்றைய நாட்காட்டியில் ஜூலை 8. நான் இன்றைய கணக்கையே சொல்லிவருகிறேன்.)

பொல்தாவாவில் காலாட்படை லெவன்ஹௌப்டின் பொறுப்பில் இருந்தது. மன்னர் காலில் குண்டு பாய்ந்து கட்டிலில் சுமக்கப்பட்டார். முழுப்படைக்கும் தலைமை தாங்கிய ரென்ஷோல்டுக்கும் லெவன்ஹௌப்டுக்கும் ஒத்துப்போவதில்லை. காலையில் ருஷ்யப் பாசறையை நெருங்கிவிட்ட தம்மை ஒரு கட்டளை நிறுத்திவிட்டது என்று லெவன்ஹௌப்ட் கடைசிவரை சொல்லிவந்தார். இறுதித் தாக்குதலில் ஏறத்தாழ 4,000 காலாட்களோடு, அதைவிடப் பலமடங்கு பெரிய அணியை நோக்கி நடந்தார். அன்று சுவீடன் தரப்பில் ஏறத்தாழ 7,000 பேர் மாண்டனர்.

எஞ்சியவர்கள் தெற்கே ஓடி, தினீப்பர் நதிக்கரையில் பெரெவொலொச்னாவை அடைந்தனர். அங்கே போதிய படகுகள் இல்லை. காய்ச்சலில் கிடந்த மன்னரைப் பலரும் மன்றாடி இரவோடிரவாக அக்கரை சேர்த்தனர். கரையில் படையோடு தங்கியவர் லெவன்ஹௌப்ட். விடிந்தபோது மேட்டில் மென்ஷிக்கொவ்வின் ருஷ்யக் குதிரைவீரர்கள் தெரிந்தனர். அவர்கள் ஏறத்தாழ 9,000 பேர், களைத்துப்போன குதிரைகள். லெவன்ஹௌப்டிடம் இருந்ததோ 14,000 பேருக்கு மேல். எண்ணிக்கை அவர் பக்கம்.

அப்போதுதான் அவர் அந்த வினாவைக் கேட்டார். வீரர்கள் போரிடுவார்களா என்று அவர்களிடமே விசாரித்து வரும்படி அதிகாரிகளை அனுப்பினார். சிலர் மௌனமாயிருந்தனர். சிலர் மழுப்பினர். இப்படியொரு கேள்வி தங்களிடம் கேட்கப்பட்டதே சிலருக்கு வியப்பாயிருந்தது. இதுவரை எந்தத் தளபதியும் கட்டளைதானே இட்டான்? லெவன்ஹௌப்ட் சரணடைந்தார்.

வீண் படுகொலையைத் தவிர்த்தேன் என்பது அவருடைய வாதம். அதில் நேர்மை இருக்கிறது. மூன்று நாட்களாகத் தூக்கமும் சோறும் இல்லாத மனிதர்கள் அவர்கள். ஆனால், நேயர்களே, அந்த உடன்படிக்கையின் நிழல் ஒருசாரார்மேல் விழவேயில்லை. சுவீடனை நம்பி உடன்வந்த ஸப்பரோஷியக் கொசாக்குகளைப் பீற்றரின் ஆட்கள் துரோகிகள் என்றே கருதினர். கைதிகளாக அன்றி, கொலைக்குரியவர்களாகவே நடத்தினர். போர்க்கைதிகளான சுவீடியரும் தப்பிவிடவில்லை. அதிகாரிகள் மொஸ்கோ வீதிகளில் வெற்றி ஊர்வலத்தில் நடத்தப்பட்டனர். சிப்பாய்கள் கட்டாய வேலைக்கும் பலர் சைபீரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். ஊர் திரும்பியவர்கள் சிறு தொகையினரே. காப்பாற்றினேன் என்று அவர் எண்ணிய உயிர்களைச் சிறை மெல்ல மெல்லத் தின்றது.

வாசிக்கும்போது எனக்கு ஒன்று படுகிறது. அவர் கோழையல்லர். பெரெவொலொச்னாவில் தங்குவதற்குத் தாமாகவே முன்வந்தவர். ஆனால், முடிவை நூறு வாய்களிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டார். நூல் கற்ற மனம் எல்லாப் பக்கமும் பார்க்கும். அன்று காலை அதற்கு நேரமிருக்கவில்லை.

மன்னர் சாள்ஸ் இந்தச் சரணடைதலை அவமானமாகவே கருதினார். ரென்ஷோல்ட் 1718இல் கைதிப் பரிமாற்றத்தில் விடுதலையானார். லெவன்ஹௌப்டுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் நோர்வேயில் ஒரு கோட்டைக்கு முன்னால் சாள்ஸ் சுடப்பட்டு இறந்தார். 1719இன் தொடக்கத்தில், தமது அறுபதாவது வயதை எட்டுமுன்னரே, லெவன்ஹௌப்ட் மொஸ்கோவில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1721இல் நிஸ்ராட் உடன்படிக்கை கைச்சாத்தாகி எஞ்சிய கைதிகள் ஊர்களுக்குப் புறப்பட்டனர். அவருடைய குறிப்புகள் பின்னர் சுவீடனில் அச்சேறின.