பதினேழாம் நூற்றாண்டில் கொங்கு நாடு: மதுரை நாயக்கரும் மைசூர் உடையாரும்

ஆங்கில சரித்திரத்தைக் கலாசாலையில் நெட்டுருச் செய்த நம் தலைமுறையினர், ஸ்டூவர்ட் வம்சத்தார் 1603-ல் முடிசூடியதையும் முதலாம் சார்லஸ் 1649-ல் தலை வெட்டுண்டு மாண்டதையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதே ஆண்டுகளில் சத்தியமங்கலத்திலும் ஈரோட்டிலும் யாருடைய ஆணை செல்லுபடியாயிற்று என்று கேட்டால் மட்டும் விழிப்பார்கள். திருமலை நாயக்கர் மதுரையில் பட்டமெய்தியது 1623. சார்லஸ் பட்டமெய்தியது 1625. சொக்கநாத நாயக்கர் அரசேறிய மறு ஆண்டில், 1660-ல், இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குத் திரும்பினான். கால ஒற்றுமையிலிருந்து ஒரு தத்துவத்தைப் பிழிந்தெடுக்க யான் முற்படவில்லை. அந்த நூறாண்டுக்குள் கொங்கு நாடு மதுரையின் கையிலிருந்து மைசூரின் கைக்கு மாறியது எவ்வாறு, மாறியதற்கு யுத்த வெற்றி தோல்விகளுக்கு அப்பாற்பட்ட காரணம் ஏதேனும் உண்டா என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் பதினாறாம் நூற்றாண்டில் வகுத்த பாளையப்பட்டு முறையில், மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள் எனவும், கொத்தளம் ஒன்றுக்கு ஒரு பாளையக்காரர் எனவும் ஏற்பாடு செய்யப்பட்டதாக மரபு கூறும். பாளையத்து வருவாயில் மூன்றிலொரு பங்கு அரசனுக்கு, மூன்றிலொரு பங்கு படைச்செலவுக்கு, எஞ்சியது பாளையக்காரரின் சுயபோகத்திற்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கொங்கில் தளி எத்திலப்ப நாயக்கர், ஊத்துக்குளிக் காளிங்கராயர், சமத்தூர் வாணவராயர் முதலியோர் பாளையக்காரர் வரிசையில் வருபவர்கள். வரி தண்டுவது, திருடனைப் பிடிப்பது, வழக்குத் தீர்ப்பது யாவும் இவர்கள் பொறுப்பாயிருந்தமையின், மதுரை மன்னனுக்குக் கொங்குக் குடியானவனோடு நேர்முகமான சம்பந்தம் ஏதும் இருந்ததில்லை. அவசரத்திற்குப் படை திரட்ட இம்முறை மிகவும் வசதியானது. ஒரு நாட்டைத் தன் நாடாக நெடுங்காலம் வைத்துக்கொள்வதற்கு ஏற்றது என்று கொள்ள இயலவில்லை.

சேசு சபைத் துறவியான ராபர்ட் தெ நொபிலி 1623-ல் மதுரையிலிருந்து புறப்பட்டு வடகொங்கின் வழியே சென்றபோது, சேந்தமங்கலத்தில் அவரை ஆதரித்து இடமளித்தவர் ராமச்சந்திர நாயக்கர் என்னும் சிற்றரசர். மதுரைக்குக் கப்பம் கட்டுகிறவராயினும், அன்னிய நாட்டுத் துறவி ஒருவருக்கு மதுரையின் சம்மதத்திற்குக் காத்திராமல் அபயம் தரும் அளவுக்கு அவர் சுதந்திரராகவே இருந்தார் என்பது கவனத்திற்குரியது.

ஆனால் மதுரையார் கொங்கைப் புறக்கணித்தார்கள் என்று சொல்வதும் அபவாதமாகும். பேரூர்ப் பட்டீசுவரர் ஆலயத்துக் கனகசபையைக் கண்டவர் அவ்வாறு சொல்லத் துணியார். திருமலை நாயக்கர் காலத்தில் அளகாத்ரி நாயக்கர் எடுப்பித்ததாகக் கூறப்படும் அம்மண்டபத்தின் தூண்களில், யானையை உரித்துப் போர்த்த பெருமானும், ஊர்த்துவ தாண்டவ மூர்த்தியும், அக்கினி வீரபத்திரரும், அகோர வீரபத்திரரும் ஆளுயரத்தை விஞ்சி நிற்க, விதானத்திலிருந்து ஒரே கல்லில் வளையம் வளையமாகக் கடைந்த சங்கிலி தொங்குகிறது. உளியை இவ்வளவு பொறுமையாகப் பிடிக்கத் தெரிந்த சிற்பிகளைப் போஷித்த அரசு, கோயிலுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கையேனும் கணவாய்க் காவலுக்குக் கொடுத்திருக்கலாகாதா என்று எண்ணத் தோன்றுகிறது.

கணவாய் என்றது காரணத்தோடுதான். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கொங்குச் சமவெளிக்கு இறங்கும் வழிகளுள் கெஜலட்டிக் கணவாய் பிரதானமானது. அதன் வாயிலில், மோயாறு பவானியோடு கலக்குமிடத்தை அடுத்து, போசளர் தண்டநாயகர்களின் நினைவைப் பெயரில் தாங்கிய டணாயக்கன் கோட்டை இருந்தது. கீழ்பவானி அணையின் நீர்த்தேக்கத்தில் அது இன்று மூழ்கிக் கிடக்க, நீர் வற்றும் கோடையில் மாதவப் பெருமாள் கோயிலின் கற்கள் மட்டும் தலைகாட்டுகின்றன. அக்கோட்டையும் சத்தியமங்கலமும் எவன் கையில் இருக்கின்றனவோ, அவனுக்குக் கோயமுத்தூரும் அவிநாசியும் ஈரோடும் எட்டிப் பிடிக்கும் தூரமே. காவிரிக்கரை வழியில் இத்தகைய காவல், தாரமங்கலத்தையும் அமரகுந்தியையும் இருப்பிடமாகக் கொண்ட கெட்டி முதலிகளிடம் இருந்தது. தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலும் பவானிச் சங்கமேசுவரர் கோயிலில் செய்த திருப்பணியும் அவர்களுடைய செல்வத்திற்குச் சாட்சி. பெயருக்கு மதுரையின் கீழ்ப்பட்டவர்களாயினும், மைசூருக்கும் மதுரைக்கும் இடையில் உண்மையான மதில் அவர்களே.

ராஜ உடையார் 1610-ல் விஜயநகரப் பிரதிநிதியிடமிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, மைசூர் ஒரு சிறு சமஸ்தானமே. அதனை ராஜ்யமாக வளர்த்தவர் 1638-ல் அரசேறிய கண்டீரவ நரசராஜர். அவர் தம் பெயரால் அக்கசாலை அமைத்துப் பொற்பணம் அடித்தார். சிறு விஷயம்போலத் தோன்றினும், தன் நாணயத்தில் கணக்கெழுதும் குடியை வென்றெடுப்பது கோட்டையை வெல்வதைவிட உறுதியான வெற்றி என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். கெட்டி முதலிகளோடு பொருது அவர்களை ஒடுக்கத் தொடங்கிய அவருடைய படை, 1653-ஐ ஒட்டி டணாயக்கன் கோட்டையையும் சத்தியமங்கலத்தையும் பிடித்தது.

இதற்கு இடங்கொடுத்ததில் திருமலை நாயக்கரின் ராஜதந்திரத்திற்கும் பங்குண்டு. விஜயநகரத்தின் கடைசிப் பேரரசனான மூன்றாம் ஸ்ரீரங்கனின் மேலாதிக்கத்தை உதறும் ஆவேசத்தில், அவர் பிஜப்பூர், கோல்கொண்டா சுல்தான்களைத் தெற்கே வரவழைத்தார். அவ்வினையின் பயனை மைசூரும் அனுபவித்தது. அதனால் மைசூருக்கு மதுரையின்மேல் மூண்ட வன்மமே 1656-ஐ ஒட்டி நிகழ்ந்த மூக்கறுப்புப் போராக வெடித்தது என்பதைச் சேசு சபையார் எழுதிய கடிதங்களால் உணர்கிறோம். சத்தியமங்கலத்து வழியாக இறங்கிய கன்னடப் படை, எதிர்ப்பட்ட ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி மூக்கை மேலுதட்டோடு அறுத்து மூட்டை கட்டி ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு அனுப்பிற்று. நோய்ப்படுக்கையில் கிடந்த திருமலை நாயக்கர் ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதியின் உதவியை வேண்ட, அவர் மறவர் படையோடு விரைந்து வந்து மதுரையைக் காத்தார். பின்னர் நாயக்கரின் தம்பி குமாரமுத்து மைசூர் எல்லைக்குள் துரத்திச் சென்று அதே கொடுமையைத் திருப்பிச் செய்தார். சேதுபதிக்கு ராணி சொல் காத்தார் என்ற விருது கிடைத்தது. சரித்திரக்காரர் பலர் இதனை மதுரையின் வெற்றியாக எழுதி முடித்துவிடுகின்றனர். மதுரை நகரம் தப்பியது மெய்யே. இரு படைகளும் போகவும் வரவும் மிதித்த கொங்குச் சமவெளியின் குடிகளுக்கு அதில் என்ன வெற்றி இருந்தது என்பது அடியேனுக்கு விளங்கவில்லை.

1659-ல் திருமலை நாயக்கரும் கண்டீரவ நரசராஜரும் ஒருசேர மறைந்தனர். அவ்வாண்டிலேயே மதுரையில் அரசேறிய சொக்கநாத நாயக்கர் வீரத்தில் குறைந்தவரல்லர், நிதானத்தில் குறைந்தவர். தஞ்சை, பிஜப்பூர் முதலிய துணைகளோடு 1667-ல் ஈரோட்டருகே அவர் தொட்ட யுத்தம் மைசூர் அரசர் தொட்ட தேவராஜருக்கே வெற்றியாக முடிந்து, ஈரோடும் தாராபுரமும் மைசூர் வசமாயின. கெட்டி முதலிகளின் ஓமலூரும் அதையொட்டிப் போயிற்று. மதில் சரிந்த பின்பும் சொக்கநாதர் கொங்கின் பக்கம் திரும்பாமல், 1673-ல் தஞ்சையைப் பிடித்து, இரண்டே ஆண்டில் அதை மராத்தியரான ஏகோஜியிடம் தோற்று, ருஸ்தம்கான் என்னும் குதிரைப்படைத் தலைவனிடம் தம் அதிகாரத்தையே சில காலம் பறிகொடுத்து, 1682-ல் மனமுடைந்து இறந்தார்.

மைசூரில் அப்போது அரசு செலுத்தியவர் சிக்க தேவராஜர் (1673–1704). இவரைப் போர்வீரராக மட்டும் கருதுவது இவருடைய காரியத்தைப் பாதியாகக் காண்பதாகும். நாள்தோறும் இரண்டாயிரம் வராகன் கொண்ட இரு பைகள் கருவூலத்தில் சேராமல் அவர் காலை உணவு கொள்வதில்லை என்று மைசூர்ச் சரித்திரம் இயற்றிய கர்னல் வில்க்ஸ் எழுதி வைத்திருக்கிறார். நவகோடி நாராயணன் என்ற பட்டப்பெயரும் இக்காரணம் பற்றியே. விளைச்சலில் ஆறிலொன்றே அரசிறை என்ற பழைய விதியை வாயால் மறுக்காமல், அதன்மேல் சில்லறை வரிகளாக அடுக்கிச் சென்றார். குடிகள் ஏரைப் போட்டுவிட்டுக் கிளர்ந்தபோது, அதற்குத் தூண்டுகோலாயிருந்த ஜங்கமர்களை வரவழைத்துக் கொன்றார் என்பது அவர் பெயருக்கு நீங்காத களங்கம். பாராளுமன்றத்தைக் கூட்டாமல் 1634-ல் கப்பல் வரி விதித்த சார்லஸ், அதனால் மூண்ட பகையும் ஒரு காரணமாகப் பின்னாளில் தலையை இழந்தான். இங்கோ வரி கேட்ட அரசன் நிலைத்தான், மறுத்த குடிகள் மடிந்தார்கள். அரசனை நிறுத்திக் கேட்கும் சபை ஒன்று அங்கே இருந்தது. இங்கே நாட்டுச் சபைகளின் அதிகாரம் பாளையக்காரர் கையில் ஒடுங்கி வெகுநாளாகியிருந்தது.

1688 முதல் இரண்டாண்டுகளில் சேலம், பரமத்தி, நாமக்கல் ஆகியவை மைசூருக்குச் சேர்ந்தன. இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் நாட்டைவிட்டு ஓடியதும் அந்நாளிலேதான். கைப்பற்றிய ஊர்களில் சிக்க தேவராஜர் பாளையக்காரரின் தயவை நம்பியிருக்கவில்லை. கோட்டைதோறும் தம் படையை நிறுத்தி, கணக்கைத் தம் கச்சேரிக்கு வரவழைத்தார். அவர் வகுத்த பதினெட்டுக் கச்சேரிகளின் ஏற்பாடு, மதுரை நூற்றைம்பது ஆண்டுகளில் நினைத்துப் பாராத ஒன்று. எனவே கொங்கை மதுரை யுத்தகளத்தில் இழப்பதற்கு முன்பே கணக்கேட்டில் இழந்துவிட்டது என்று கொள்வதே பொருந்தும்.

சொக்கநாதரின் மனைவி மங்கம்மாள் பின்னர் மதுரையை ஆண்டதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. சாலைகளாலும் சத்திரங்களாலும் நிலைத்த புகழ் பெற்ற அவ்வம்மையார், மைசூர்த் தளவாய் குமாரய்யா திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டபோது அந்நகரைக் காத்துக்கொண்டார். சிக்க தேவராஜர் காவிரியின் குறுக்கே அணை போட்டு நீரை நிறுத்த, அதை உடைக்கத் தஞ்சையோடு கூடிப் படை திரட்டுவதற்குள் பெருமழையே அணையை உடைத்துவிட்டது. ஆனால் மங்கம்மாள் காத்தது திருச்சியை. கொங்கை மீட்கும் எண்ணம் மதுரை அரசுக்கு அதன்பின் எழுந்ததாகத் தெரியவில்லை.

நாயக்கர் வம்சம் 1736-ல் ராணி மீனாட்சியோடு அற்றது. கொங்கோ ஹைதரிடமும் திப்புவிடமும் மைசூர்ச் சீமையாகவே சென்று, சேலம் பகுதி 1792-லும், எஞ்சியது 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் கும்பினியாரின் பங்கில் விழுந்தது. 1799-ன் பங்கீட்டு உடன்படிக்கையில் கோயமுத்தூர், தாராபுரம் சீமைகளின் வருவாய் கண்டீரவ வராகனிலேயே கணக்கிடப்பட்டிருக்கிறது.